எலும்பு ஒட்டு அறுவைக்குப் பின்: இடுப்புக் காயத்தையும் கவனியுங்கள்

முறிந்த கால் எலும்பு பல மாதங்களாகியும் கூடாதபோது, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து சிறிதளவு எலும்பை எடுத்து முறிவிடத்தில் வைக்கிறோம். அறுவைக்கு மறுநாள் நாங்கள் படுக்கையருகே வரும்போது, நோயாளியும் உறவினரும் காலைப் பற்றியே கேட்பார்கள். "இடுப்பு எப்படி இருக்கிறது?" என்று நாங்கள் கேட்ட பிறகுதான், "காலைவிட இடுப்புத்தான் டாக்டர் அதிகம் வலிக்கிறது" என்ற பதில் வரும். இடுப்பில் இருப்பதும் ஓர் அறுவைக் காயமே. அதைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எலும்பு எங்கிருந்து எடுக்கப்படுகிறது?

கைகளை இடுப்பில் ஊன்றி நிற்கும்போது விரல்களுக்கு அடியில் தட்டுப்படும் மேல்விளிம்பிலிருந்தே எலும்பை எடுக்கிறோம். இடுப்பு மூட்டு அதற்குக் கீழே உள்ளது, அதைத் தொடுவதில்லை. நம் சொந்த எலும்பில் உயிருள்ள செல்களும், எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களும், புதிய எலும்பு படர்வதற்கான சாரம் போன்ற கட்டமைப்பும் ஒருங்கே உள்ளன. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பதுமில்லை. செயற்கைப் பொருள்கள் பெரும்பாலும் சாரமாக மட்டுமே பயன்படுகின்றன. ஆயினும் இந்த நன்மைக்கு ஈடாக இரண்டாவது காயம் ஒன்றை ஏற்க வேண்டியிருக்கிறது. 1989இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இத்தகைய நூறு அறுவைகளுக்கு ஏறத்தாழ 21இல் சிறு தொல்லைகளும் 9இல் பெரிய தொல்லைகளும் பதிவாயின.

வலி

இதுவே மிகப் பொதுவானது. வயிற்றுத் தசைகளும் பிட்டத் தசைகளும் இந்த விளிம்பில்தான் பற்றியிருக்கின்றன. ஆகவே இருமினாலும், புரண்டு படுத்தாலும், அடியெடுத்து வைத்தாலும் வலிக்கும். சில நாள்கள் சற்றே சாய்ந்து நடக்கவும் நேரலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தணிந்துவிடும். சிலருக்கு ஆறு மாதங்களுக்கு மேலும் நீடிக்கலாம். மருந்துக்கடையில் நீங்களாகவே வலிமாத்திரை வாங்கித் தொடர்ந்து உட்கொள்ளாதீர்கள். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும்.

மரத்துப்போதல்

இடுப்பின் முன்பக்கத்தில் எலும்பு எடுத்தால், தொடையின் வெளிப்புறத்திற்கு உணர்வு தரும் நரம்பு இழுபடவோ அடிபடவோ கூடும். அப்போது அவ்விடம் மரத்துப்போகும் அல்லது எரியும். பின்பக்கத்தில் எடுத்தால் பிட்டத்தின் மேற்பகுதி மரத்துப்போகலாம். இவை தோலுணர்வுக்கான நரம்புகளே. காலின் வலிமை குறையாது. பலருக்குச் சில மாதங்களில் இது குறைகிறது. சிலருக்குச் சிறு பகுதி நிலையாக மரத்தே இருக்கக்கூடும். பாவாடை நாடாவையும் இடுப்புப் பட்டையையும் தழும்பின்மேல் இறுக்கிக் கட்டாதீர்கள்.

இரத்தக்கட்டும் தொற்றும்

எலும்பின் உட்பகுதி பஞ்சு போன்றது. அங்கு கசியும் இரத்தத்தை, குழாயைக் கட்டுவதுபோல் கட்டி நிறுத்த இயலாது. அது தேங்கினால் வீக்கம் உண்டாகும். அதில் கிருமி சேர்ந்தால் சீழ் பிடிக்கும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் அறுவைக்கு முன்பே எங்களிடம் தெரிவிப்பது இன்றியமையாதது. காயத்தின்மேல் எண்ணெய் தேய்ப்பதையும் சூடான ஒத்தடம் கொடுப்பதையும் தவிர்த்திடுங்கள்.

முறிவும் குடலிறக்கமும்

இவை அரிதானவை. இடுப்பெலும்பின் முன்முனையைத் தொடைத் தசைகள் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அம்முனையிலிருந்து போதிய இடைவெளி விட்டே எலும்பை எடுக்கிறோம். இருப்பினும் எலும்பு மெலிந்த முதியோருக்கு, கால் இடறும்போதோ சட்டென எழும்போதோ அம்முனை முறியலாம். பெரும்பாலும் ஓய்வும் ஊன்றுகோலுமே இதற்குப் போதும். எலும்பை அதன் முழுத் தடிமனில் எடுத்திருந்தால், அவ்விடைவெளி வழியே பின்னாளில் குடல் பிதுங்கவும் வாய்ப்புண்டு. தரையில் அமர்வதையும் குந்துவதையும் பளு தூக்குவதையும் எப்போது தொடங்கலாம் என்று எங்களிடம் கேட்டறிந்து செய்யுங்கள்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

• காய்ச்சல், காயத்தைச் சுற்றிச் சிவப்பு, சீழ் அல்லது நிற்காத கசிவு
• விரைவாகப் பெரிதாகும் வீக்கம்
• குறைந்துவந்த வலி திடீரெனக் கூடுதல், கால் ஊன்ற முடியாமை
• இருமும்போது தழும்பருகே புடைத்தல்

அறுவைக்கு ஒப்புதல் தருமுன், எந்தப் பக்கத்தில், எவ்வளவு எலும்பு எடுக்கப்படும், உங்களுக்கு மாற்று வழி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது, கால் எலும்பின் எக்ஸ்ரேயைப் பார்த்ததும் புறப்பட்டுவிடாமல் இடுப்பைப் பற்றியும் சொல்லுங்கள். எலும்பு கூடிவரும் மகிழ்ச்சியான வேளையில் இடுப்பு வலியைச் சொல்வது குறைகூறுவதாகாது. அதைக் கேட்பதும் எங்கள் சிகிச்சையின் பகுதியே.