வார்டில் உழைத்ததற்கு மார்க்கு எங்கே?

எம்.பி.பி.எஸ். தேறிய ஒரு வாலிபர் எம்.டி., எம்.எஸ். முதலிய மேற்படிப்புக்கு மனுச் செய்யும்போது, நோயாளியின் கட்டிலண்டையில் அவர் எவ்விதம் வேலை செய்தார் என்பதை நம் தேசத்தில் எவரும் விசாரிப்பதில்லை. இதை நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பன்னிரண்டு மாதம் அவர் ஹவுஸ் சர்ஜனாக ஆஸ்பத்திரியில் சுழன்று வர வேண்டும். 2021-ம் வருஷத்து விதிகளின்படி அதில் 12 வாரம் சமுதாய மருத்துவத்துக்கு. மீதிக்காலம் பொது வைத்தியம், ரணசிகிச்சை, பிரசவம், குழந்தை வைத்தியம் முதலியவற்றுக்கு. செய்த வேலையைப் பதிவுப் புஸ்தகத்தில் குறித்து, மேலுள்ளவரின் கையெழுத்தும் வாங்க வேண்டும். எல்லாம் சரி, மேற்படிப்புக்கு ஆள் பொறுக்கும்போது அப்புஸ்தகத்துக்கு ஒரு மார்க்குக்கூடக் கிடையாது. ஸ்தானத்தை நிர்ணயிப்பது முதுநிலை 'நீட்' என்னும் ஒரே நாள் பரீக்ஷை. கேள்விகள் 200, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். சரியானதைத் தொட்டால் 4 மார்க்கு, தவறினால் ஒன்று கழிவு.

விளைவு என்ன? வார்டில் நிற்க வேண்டிய வருஷம் கேள்விகளை நெட்டுருப் போடும் வருஷமாகிவிட்டது. மாணாக்கரை நாம் நிந்திக்க மாட்டோம். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று நீதிபதி முன்கூட்டியே ஒதுக்கிவிட்ட சாட்சியைத் தேடி எந்த வக்கீல் அலைவான்?

நஷ்டமடைகிறவர்கள் வேறு. தேவாரத்திலும் போடிநாயக்கனூரிலும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மேற்கே மலைக்கு ஏலத்தோட்டக் கூலிக்குப் போகும் பெண்களை நேயர்கள் கண்டிருக்கலாம். அவர்களுள் ஒருத்தியைப் பாம்பு தீண்டினாலும், ஜீப் கவிழ்ந்தாலும், மாதம் நிறைந்தவளுக்கு வலி கண்டாலும், பெரும்பாலும் முதலில் எதிரே நிற்பவர் நிபுணர் அல்லர்; பயிற்சி முடித்துச் சில மாதமே ஆன இளம் வைத்தியர். விஷமுறிவு மருந்தை எப்போது கொடுப்பது, கொடுத்தபின் உடம்பு ஏற்காமற் போனால் என்ன செய்வது என்பதை அவர் அந்தக் கணத்தில் அறிந்திருக்க வேண்டும். நோயாளி நான்கு விடைகளை ஏந்திக்கொண்டு வருவதில்லை. 2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணி மலையில் தீப்பற்றியபோது, வெந்தவர்களைப் போடி ஆஸ்பத்திரிக்கும், பிறகு தேனிக்கும் மதுரைக்கும் கொண்டு சென்றார்கள். அன்றைய வேலைக்குக் கைப்பழக்கமே வேண்டியிருந்தது.

அப்படியானால் வார்டு மார்க்கைச் சேர்த்துவிடலாமே என்று சிலர் அவசரப்படலாம். அதிலும் அபாயம் உண்டு. அமெரிக்காவில் 2022 ஜனவரி 26 முதல் முதற்படிப் பரீக்ஷைக்கு மார்க்கு ஒழிந்து, தேறினார், தேறவில்லை என்ற முடிவு மட்டுமே வெளியாகிறது. ஆகவே மேற்பயிற்சிக்கு ஆள் எடுப்போர் இரண்டாம்படி மார்க்கையும் வார்டுகளில் கிடைத்த தரத்தையும் முன்னிலும் உற்றுப் பார்க்கிறார்கள். அத்தரமோ ஒரு கல்லூரியில் தாராளம், மற்றொன்றில் கஞ்சத்தனம். வார்டில் இடப்படும் மதிப்பீட்டில் நிறபேதத்தின் சாயல் படிவதாக அங்குள்ள ஆராய்ச்சியாளரே எழுதியிருக்கின்றனர். ஸான் பிரான்ஸிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை மருத்துவக் கல்லூரி முக்கிய வார்டுகளில் தரமிடுவதையே 2019-ல் கைவிட்டது. ஜாதியும் சிபார்சும் பணமும் புகாத கதவே அரிதான நம் நாட்டில், பேராசிரியரின் பேனா முனையில் ஸ்தானங்களை வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம்.

பொதுப் பரீக்ஷை பிறந்ததும் இந்தப் பயத்தினால்தான். மாணாக்கரைத் தம் வழியில் தேர்ந்தெடுத்து வந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 'நீட்' முறையை எதிர்த்து வழக்காடினர், 2017-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பில் ஒரேயொரு மாணாக்கரைச் சேர்த்துக்கொண்டு மற்ற ஸ்தானங்களைக் காலியாக விட்டனர். 2020 ஏப்ரல் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் வாதத்தை நிராகரித்தது. ஸ்தானங்கள் விலைபோன காலத்தை அறிந்த நாம் அத்தீர்ப்பின் அடிப்படையைக் குறைகூறோம். ஆனால் நடுநிலையான அந்தத் தராசைக் கையாண்ட விதத்தைப் பாருங்கள்: 2023 செப்டம்பரில், காலி ஸ்தானங்களை நிரப்பும்பொருட்டு, தகுதிக்கோட்டைப் பூஜ்ய சதமானத்துக்கு இறக்கினார்கள். பரீக்ஷை எழுதியதே யோக்கியதை என்றாயிற்று!

தமிழ்நாட்டில் ஒரு வழி திறந்திருக்கிறது. சர்க்கார் ஊழியத்திலுள்ள வைத்தியர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தனி ஒதுக்கீடு செய்ய மாகாணங்களுக்கு அதிகாரமுண்டு என்று 2020 ஆகஸ்டு 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. எட்டாத இடங்களிலும் மலைப்பிரதேசங்களிலும் செய்த ஊழியத்துக்கு ஊக்க மார்க்கு தரும் ஏற்பாடும் கண்டோம். நல்லதே. எனினும் அது எண்ணுவது வருஷங்களை, கைத்திறனை அன்று.

நமது அபிப்பிராயம் இது. வார்டு வேலையை ரேங்குக்குரிய மார்க்காக்க வேண்டாம். தாண்டியே தீர வேண்டிய வாசலாக்குக. 2023-ல் வெளியான 'நெக்ஸ்ட்' விதிகள் ஏறக்குறைய இதையே சொல்லின: ரேங்குக்கு எழுத்துப் பரீக்ஷை, பயிற்சிக்குப்பின், நோயாளியை முன்வைத்துச் செய்முறைப் பரீக்ஷை, அதில் தேறினால் போதும். அவ்வருஷமே அதனைத் தள்ளிவைத்தனர். டில்லியின் சித்தம் இரங்கும்வரை நாம் காத்திருப்பானேன்? ஹவுஸ் சர்ஜன் காலம் முடியுமுன், வேறு கல்லூரியிலிருந்து வந்த ஒருவர் உட்பட இரு பரீக்ஷகர் முன்னிலையில், பிரசவம் பார்த்தல், மூச்சடைத்தவரை மீட்டல், பாம்புக்கடிக்குச் சிகிச்சை, தீக்காயத்துக்கு முதல் சிகிச்சை ஆகிய நான்கையேனும் செய்து காட்டும்படி சர்வகலாசாலையார் ஏற்பாடு செய்யட்டும். தேறாதவருக்கு அதே வார்டில் இன்னும் சில வாரம் வேலை கொடுக்கட்டும். சட்டசபையில் இதைப் பற்றிக் கேள்வி எழுப்ப, தேனி ஜில்லா அங்கத்தினர்களே முதலில் எழுந்திருக்க வேண்டியவர்கள்.