கடல் கடந்த ஊழியமும் அதற்கு முந்திய கல்வியும்

கிறிஸ்தவ சபை வழக்கில் அருட்பணி எனப்படுவது, கிறிஸ்துவை அறியாத மக்களிடம் சென்று நற்செய்தியை எடுத்துரைக்கும் ஊழியமாகும். அதற்கென்று சபையால் அனுப்பப்படுபவர் மிஷனரி எனப்படுகிறார். விமானத்தில் சென்று சில வாரங்களில் திரும்பிவிடும் குறுகிய கால ஊழியப் பயணங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், அயல்மண்ணில் தம் விசுவாசத்தைப் பகிர விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதற்குத் தமிழகத்தின் வரலாற்றிலேயே தெளிவான விடை இருக்கிறது.

டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிவைத்த ஜெர்மானியர்களான சீகன்பால்கும் புளுட்சாவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினர். சீகன்பால்க் உள்ளூர்ச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, வாத்தியார் சொல்லச் சொல்ல மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் படித்து, 1708இல் அவற்றுக்கு ஒரு விவரப் பட்டியலும் தயாரித்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய விரிவான நூல் ஜெர்மனிக்குச் சென்றபோது, ஹாலே நகரிலிருந்து அப்பணியைத் தாங்கிவந்த பிராங்கே அதை அச்சிட மறுத்தார். பிற சமயத்தை அகற்றச் சென்றவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவருடைய ஆட்சேபம். அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. பக்தியில் சிறந்தவரான பிராங்கே இதில் தவறிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் எதை நம்பி வாழ்கிறார் என்பதை அறியாதவருடைய சாட்சி கேட்பவர் மனத்தைத் தொடுவதில்லை.

சென்னையின் வேப்பேரியில் இந்தக் கல்வி இன்னும் ஆழமாக நடந்தது. 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742 முதல் சென்னையில் ஊழியம் செய்து, 1791இல் இங்கேயே மறைந்த மிஷனரி பப்ரிசியுஸ், வேதாகமத்தைத் தமிழாக்கியபோது ஒவ்வொரு பகுதியையும் கற்றவர்களுக்கும் கல்லாதவர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் காதுக்கு இடறிய இடங்களைத் திருத்தினார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றிய அச்சுக்கூடம், அரசு வேலைகளையும் அச்சிட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வேப்பேரியில் அவர் பொறுப்பில் விடப்பட்டது. அவருடைய புதிய ஏற்பாடும், 1779இல் வெளியான தமிழ்-ஆங்கில அகராதியும் அங்கிருந்து வந்தவையே. வேற்று நாட்டவர் ஒருவர் அரை நூற்றாண்டு பிறர் பேச்சைச் செவிமடுத்ததன் பயன் அது.

மிஷனரிகள் மேற்கிலிருந்து மட்டுமே வந்தனர் என்று எண்ணுவதும் பிழை. யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாமே ஒரு சங்கம் அமைத்து, பாக் நீரிணைக்கு இக்கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியரை அனுப்பியிருந்தனர். 1902இல் யாழ்ப்பாணம் சென்று இதைக் கண்ட வேதநாயகம் சாமுவேல் அசரியா, தம் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் அவ்வாறு செய்யவில்லையே என்று வருந்தினார். அந்த வருத்தமே மறு ஆண்டு பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கமாக உருப்பெற்றது. நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் பகுதியைச் சங்கம் தேர்ந்தெடுக்க, அசரியாவும் தெலுங்கு கற்று அங்கே குடியேறி, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், மேல்நாட்டு ஊழியர் பொருளையும் உழைப்பையும் தந்தாலும் இந்தியரைச் சமமாகப் பாவித்து நட்பைத் தரவில்லை என்று அவர் நேருக்கு நேர் எடுத்துரைத்தது அரங்கில் பலரைச் சினமுறச் செய்தது. ஆயினும் அது சொல்லப்பட வேண்டிய உண்மை.

நாட்டுச் சட்டத்தை அறிவதும் இக்கல்வியில் அடங்கும். இந்திய அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையை அளிக்கிறது. எனினும் அது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுற்றுலா விசாவில் வரும் வெளிநாட்டவர் இங்கே ஊழியம் செய்ய இயலாது. அதற்கு மிஷனரி விசா தனியே உண்டு. நேபாளத்தின் 2015ஆம் ஆண்டு அரசியலமைப்போ பிறரை மதம் மாற்றுவதையே தடைசெய்கிறது. இத்தகைய இடங்களில் விருந்தினராகச் சென்ற குழு விதியை மீறிவிட்டு விமானம் ஏறிவிடலாம். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேர்வது அங்கேயே வாழும் உள்ளூர் விசுவாசிகளுக்குத்தான்.