சிகரத்துக்கு முந்திய இரவு

எவரெஸ்ட் சிகரத்தின்மேல் டென்ஸிங் நார்கே பனிக்கோடரியை உயர்த்திப் பிடித்து நிற்கும் படத்தை நேயர்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பார்கள். 1953-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி முற்பகல் பதினொன்றரை மணிக்குச் சிகரத்தை அடைந்ததும் எட்மண்ட் ஹில்லாரி எடுத்த படம் அது. கோடரியின் காம்பில் நான்கு கொடிகள் பறக்கின்றன. ஐக்கிய நாடுகளின் கொடி, பிரிட்டிஷ் கொடி, நேப்பாளக் கொடி, இவற்றோடு நமது மூவர்ணக் கொடி. அந்த மூவர்ணக் கொடி டார்ஜிலிங்கிலிருந்த ஒரு நண்பர் கொடுத்தனுப்பியது. அதைக் காணும்போது நம் நெஞ்சு நிமிர்வது இயல்பே. ஆனால் படத்தில் முகம் தெரியவில்லை. பிராணவாயு முகமூடி அதை மறைத்துவிட்டது. ஆகவே இன்று நாம் அந்த மனிதர் அணிந்திருந்தவற்றைப் பற்றிச் சிறிது பேசலாம் என்றிருக்கிறோம். மலைமேல் ஒருவனுடைய உயிர் அவன் அணிந்திருப்பவற்றில்தான் பாதி இருக்கிறது.

காலில் கலைமான் தோலால் செய்த பூட்ஸ். முந்திய ஆண்டு ஸ்விட்ஜர்லாந்துக் குழுவோடு போனபோது கிடைத்தது. உள்ளே மனைவி ஆங் லாமு பின்னிக் கொடுத்த காலுறை. தலையில் ஒரு கம்பளிக் குல்லாய். 1947-ல் ஏர்ல் டென்மன் என்பவர், பொருளும் துணையும் அதிகமின்றி, டென்ஸிங்கையும் இன்னொரு ஷெர்ப்பாவையும் மட்டும் அழைத்துக்கொண்டு எவரெஸ்டுக்குப் புறப்பட்டு, முடியாமல் திரும்பி, ஆசையையும் கைவிட்டபோது விட்டுச் சென்றது அது. கழுத்தில் சிவப்புக் குட்டை. ரேமான் லாம்பெர் என்ற ஸ்விஸ் நண்பர் அளித்தது. ஆக, அந்தச் சிகரத்தில் இருவர் நின்றார்கள் என்று சரித்திரம் சொன்னாலும், வர முடியாத பலரும் குல்லாயாகவும் குட்டையாகவும் காலுறையாகவும் வந்துதான் இருந்தார்கள்.

லாம்பெரின் கழுத்துக்குட்டை அங்கே வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு நாம் ஓராண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

1952-ம் ஆண்டு மே 27. லாம்பெரும் டென்ஸிங்கும் வேறு இரு ஸ்விஸ் வீரர்களும் தென்கணவாயிலிருந்து மேலே ஏறினார்கள். அன்றைய நோக்கம் வழி பார்ப்பது மட்டுமே. கையில் ஒரே ஒரு சிறு கூடாரம் இருந்தது. சுமார் 27,500 அடி உயரத்தில் கூடாரம் அடிக்க ஏற்ற இடம் ஒன்று டென்ஸிங்கின் கண்ணில் பட்டது. வானமோ தெளிவாக இருந்தது. இருவர் தங்கினால் மறுநாள் சிகரத்துக்கு முயலலாம். நால்வரும் தங்கவோ இடமில்லை. மற்ற இருவரும் மனம் கனத்துக் கீழே இறங்கிவிட்டார்கள்.

தங்கியவர்களிடம் என்ன இருந்தது என்று கணக்கெடுத்தால் நமக்கு உடல் நடுங்குகிறது. இறகு அடைத்த உறக்கப் பை இல்லை. அடுப்பு இல்லை. சிறிது உணவும் ஒரு மெழுகுவர்த்தியும் இருந்தன. தாகத்துக்கு என்ன செய்தார்கள்? காலி டப்பா ஒன்றில் பனிக்கட்டித் துண்டுகளைப் போட்டு, மெழுகுவர்த்திச் சுடரின்மேல் பிடித்து உருக்கினார்கள். இரவு முழுவதும் உறங்கவில்லை. ஒருவரையொருவர் தட்டியும் தேய்த்தும் இடித்துக்கொண்டும் உடம்பில் உதிரம் ஓடுவதை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் பொதுவாகச் சரளமாய்ப் பேச ஒரு பாஷைகூடக் கிடையாது. லாம்பெருக்கோ 1938-ல் ஆல்ப்ஸ் மலைப் புயலொன்றில் சிக்கிக் கால்விரல்கள் அனைத்தும் பனிக்கடியால் போய்விட்டன. விரலில்லாத கால்களோடு அந்த இரவைக் கழித்தவர் அவர்! மார்கழிப் பனிக்குக் காதைச் சால்வையால் மூடிக்கொண்டு வாசலில் கோலத்தை எட்டிப் பார்க்கும் நாம் இதைக் கற்பனை செய்வதும் கடினந்தான்.

விடிந்ததும் ஏறினார்கள். பிராணவாயுக் கருவியின் வால்வு சரியில்லை. நின்றால் மூச்சு வந்தது, நடந்தால் வரவில்லை. ஐந்து மணிக்கு மேற்பட்ட நேரத்தில் ஏறிய உயரம் சுமார் 700 அடி. 28,200 அடிக்கருகில் நின்று மேலே பார்த்தார்கள். இன்னும் 800 அடிக்குச் சற்று அதிகம். ஏறிவிடலாம், ஆனால் இறங்க முடியாது. இருவரும் திரும்பினார்கள். மலையேற்றத்தில் திரும்புவதற்கு வேண்டிய தைரியம் ஏறுவதற்கு வேண்டியதைவிடக் குறைந்ததல்ல என்பது நம் அபிப்பிராயம்.

அவர்களைத் தோற்கடித்தவை கருவியும் தாகமும். தாகம் என்றால் நேயர்கள் வியக்கலாம்; சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் உறைந்த தண்ணீர்தானே? அந்த உயரத்தில் காற்று மிகவும் வறண்டது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மனிதன் நாய்போல இளைக்கிறான். ஒவ்வொரு மூச்சிலும் உடலின் நீர் வெளியே போகிறது. நீர் குறைந்தால் உதிரம் தடிக்கிறது. தடித்த உதிரம் விரல் நுனிவரை ஓடாது. ஓடாத இடத்தில் பனிக்கடி பற்றிக்கொள்கிறது. பனியை அப்படியே வாயில் போட்டுக்கொண்டால் அதை உருக்க உடம்பின் சூட்டைத்தான் செலவிட வேண்டும். ஆகவே அங்கே அடுப்பென்பது சமையல் சாமான் மட்டுமல்ல, குடிதண்ணீர்க் கிணறும் அதுவே. சமையலோ அரைகுறைதான், சிகரத்தருகில் நீர் சுமார் 70 டிகிரி வெப்பத்திலேயே கொதித்துவிடும். நம் வீட்டுப் பருப்பு அங்கே ஒருநாளும் வேகாது.

1953-ல் சென்ற பிரிட்டிஷ் குழுவின் உடலியல் நிபுணர் கிரிஃபித் பியூ இதை நன்கு உணர்ந்திருந்தார். ஒருவர் நாளொன்றுக்கு மூன்று, நான்கு லிட்டர் திரவம் பருக வேண்டுமென்பது அவர் வற்புறுத்திய விதி. எத்தனையோ வீர வசனங்களைவிட இந்த எளிய விதிக்கு அந்த வெற்றியில் அதிகப் பங்குண்டு என்று சொல்வோம்.

மே 28. முந்திய ஆண்டின் அந்த இரவு கழிந்து ஓராண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன. ஹில்லாரியும் டென்ஸிங்கும் 27,900 அடியில் கூடாரம் அடித்தார்கள். சமதரையே இல்லை, பனியைச் சுரண்டிப் படிபோல இரண்டு தட்டுகள் செய்து, மேல் தட்டில் ஒருவரும் கீழ் தட்டில் ஒருவருமாகப் படுத்தார்கள். வெளியே குளிர் பூஜ்யத்துக்கு 27 டிகிரி கீழே. இம்முறை உறக்கப் பை இருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்த வெந்நீரைக் குவளை குவளையாகப் பருகினார்கள். பிஸ்கோத்தின்மேல் மீனும், பேரீச்சம்பழமும், தேனும் உண்டார்கள். சிக்கனமாகப் பிராணவாயுவை இரு தவணை சுவாசித்துச் சற்றே கண்ணயர்ந்தார்கள்.

ஹில்லாரி பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உறங்கினார். டென்ஸிங் கழற்றவேயில்லை. விடியற்காலையில் பார்த்தால் ஹில்லாரியின் பூட்ஸ் கருங்கல்லாக உறைந்திருந்தது! பகலெல்லாம் காலில் சுரந்த வியர்வை தோலுக்குள் ஊறியிருக்கும். கழற்றிய மறுகணமே அது பனிக்கட்டியாகத் தொடங்கும். சிகரத்துக்குப் போக வேண்டிய பொன்னான காலை நேரத்தில், அடுப்புச் சுடரின்மேல் பூட்ஸைப் பிடித்துத் தோல் கருகும் நாற்றத்தினிடையே அவர் அதை இளக்கினார். இரவில் பூட்ஸை உறக்கப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று மலையேறும் பள்ளிகளில் இன்றைக்கும் மாணவருக்குச் சொல்கிறார்கள். நம் நாட்டில் அத்தகைய கழகம் 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் தோன்றியது. களப்பயிற்சிக்குத் தலைமை வகித்தவர் டென்ஸிங்கே. பனிக்கடி பட்ட விரலைப் பனியால் தேய்ப்பது நன்று என்ற பழைய நம்பிக்கை தவறென்பதும் இப்போது தெளிவாகிவிட்டது. தேய்க்கலாகாது, உடற்சூட்டை ஒத்த வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும், மீண்டும் உறையும் அபாயமிருந்தால் இளக்கவே கூடாது.

ஆறரை மணிக்குப் புறப்பட்டார்கள். வழியில் டென்ஸிங்கின் மூச்சு திணறியது. ஹில்லாரி பார்த்தபோது முகமூடியிலிருந்து மூச்சு வெளியேறும் குழாய் பனிக்கட்டியால் அடைபட்டிருந்தது. அதைத் தட்டி நீக்கினார். சில வாரங்களுக்கு முன், கீழே பனியருவியில் ஹில்லாரி தாண்டிக் குதித்த விளிம்பு உடைந்து அவர் பிளவுக்குள் விழுந்தபோது, கணநேரத்தில் கோடரியைப் பனியில் குத்திக் கயிற்றை அதில் சுற்றி இறுக்கிக் காப்பாற்றியவர் டென்ஸிங். முதலில் கால் வைத்தது யார் என்று பிற்பாடு ஊரெல்லாம் சண்டையிட்டதை நினைத்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. சில அடி முன்னால் சென்றவர் ஹில்லாரி என்று டென்ஸிங்கே 1955-ல் வெளியான தம் வரலாற்றில் சொல்லிவிட்டார். ஒரே கயிற்றின் இரு முனைகளில் எது முதல் முனை?

உச்சியில் கால் மணி நேரம் இருந்தார்கள். டென்ஸிங் பனியைச் சிறிது தோண்டி, இனிப்புப் பண்டங்களையும், மகள் நீமா கொடுத்தனுப்பிய ஒரு சிறு பென்சிலையும் வைத்து மூடினார்.

இறங்குகையில் பிராணவாயு தீர்ந்துகொண்டே வந்தது. மூன்று நாள் முன்பு தெற்குச் சிகரம் வரை ஏறித் திரும்பிய எவன்ஸும் போர்டிலனும் வழியில் விட்டுச் சென்ற இரண்டு புட்டிகள் அப்போது கைகொடுத்தன. கூடாரத்தை அடைந்ததும் அடுப்பை மூட்டி எலுமிச்சை நீர் காய்ச்சிக் குடித்தார்கள். கால்கள் தள்ளாடின, தென்கணவாய் இன்னும் வெகு கீழே இருந்தது. ஆயினும் உறக்கப் பைகளையும் காற்று மெத்தைகளையும் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டுதான் இருவரும் அவ்விடத்தைவிட்டு இறங்கினார்கள்.