உங்களுக்குத் தெரியுமா? வார்டு ஜன்னல் எந்தப் பக்கம்?

● மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வழி செய்கின்றன. அங்கே பகலில் 50 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 40 டெசிபல்தான் வரம்பு. வார்டுக்குள் இரவில் 30-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லிவிட்டது.

● பரபரப்பான விமான நிலையங்களைச் சுற்றி இரவில் 65 டெசிபல் வரை இருக்கலாம் என்கிறது மத்திய அரசின் 2018 அளவுகோல். 10 டெசிபல் கூடினாலே நம் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும். அங்கே மருத்துவமனை கட்டினால் வெளியே உள்ள 65-க்கும் வார்டுக்குள் வேண்டிய 30-க்கும் இடையே உள்ள சுமை முழுவதையும் கட்டடம்தான் தாங்க வேண்டும்!

● சத்தம் பெரும்பாலும் செங்கல் சுவர் வழியாக வருவதில்லை. ஜன்னல் சட்டத்தின் இடுக்கு, கதவின் அடிச்சந்து, ஏசி குழாய்க்குப் போட்ட துளை, இவையே அதன் பாதை. இரட்டைக் கண்ணாடி போடுவதென்றால் இரண்டும் வெவ்வேறு கனத்தில், நடுவே நல்ல இடைவெளியோடு இருக்க வேண்டும். சுற்றிலும் ரப்பர் பட்டை இல்லையென்றால் அத்தனை செலவும் வீண்.

● லாரிச் சத்தத்துக்கு உயரமான மதில் ஓரளவு உதவும். விமானத்துக்கு உதவாது, அது தலைக்கு மேலிருந்து வருகிறது. அதனால் ஓடுபாதைக்கு அருகே கட்டும்போது கூரையையும் பலப்படுத்த வேண்டும்.

● ஜன்னலை இறுக அடைப்பதில் ஒரு சிக்கல். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கினார். அன்று நல்ல காற்றே பெரிய மருந்து. இன்றும் காசநோய் வார்டில் காற்றோட்டம் அவசியம். அதே தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் சத்தம் வரும், மூடினால் காற்று நின்றுவிடும்.

● தென்காசிக்கு இந்தச் சங்கடம் இல்லை. இங்கே விமான நிலையம் கிடையாது. மதுரை–கொல்லம் சாலையில் கேரளாவுக்குப் போகும் லாரிகள், பஸ் ஹாரன், திருவிழாக் கூம்பு ஒலிபெருக்கி என்று எல்லாச் சத்தமும் பக்கவாட்டில்தான் வருகிறது. நம் பழைய வீடுகளின் முற்றம் இதற்கு அருமையான விடை. சாலைப் பக்கம் பண்டக அறை, படிக்கட்டு, நடைவழி. உள்ளே திறந்த முற்றம். வார்டு ஜன்னல்கள் அதை நோக்கி. குற்றாலத்துக் காற்றும் வரும், நோயாளியும் தூங்குவார். மேலே விமானம் பறக்கும் ஊரில் இதே முற்றம் சத்தத்துக்கு வாசலாகிவிடும்.

● சாரல் காலத்தில் தகரக் கூரை போட்ட வார்டில் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மழையும் ஒரு இரைச்சல்தான். தகரத்துக்கு அடியில் கனமான பஞ்சுப் பலகையும் உள்கூரையும் வைத்தால் பெருமளவு அடங்கும்.

● வரிசையாக நாலு வேப்ப மரம் நட்டால் நிழல் கிடைக்கும், சத்தம் குறையாது. அடர்ந்த, அகலமான தோப்பு வேண்டும்.

● குற்றாலப் பேரருவியின் பேரோசையில் அருகில் நிற்பவர் குரல் கேட்காது. ஆனாலும் தூரத்தில் விழும் அருவி பலரைத் தூங்க வைக்கும். ஒரே சீராக வருகிற ஓசை அது. தூக்கத்தைக் கலைப்பது திடீரென்று அலறும் ஹாரன்.

● தென்காசி தனி மாவட்டமானது 2019-ல். இன்னும் பல மருத்துவமனைகள் இங்கே எழும். வரைபடம் தயாராகும்போதே பொறியாளரிடம் கேளுங்கள்: வார்டு ஜன்னல் எந்தப் பக்கம்?