பட்டா வாகனம் எமக்கு ஏற்றதா?

இடம்பெயர்ந்து மீண்டும் பயிர்ச்செய்கையைத் தொடங்கும் எம்மிற் பலர், லீசிங்கில் ஒரு பட்டா எடுத்தால் என்னவென்று எண்ணுகிறோம். முடிவெடுக்க முன்னர் அதன் தன்மையைப் பார்ப்போம்.

பட்டா என நாம் அழைக்கும் டாட்டா ஏஸ் 2005இல் இந்தியாவில் அறிமுகமானது. ஏறக்குறைய 750 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டைகள் 15 ஏற்றலாம். லொறி நுழையாத ஒழுங்கைகளிலும் செல்லும். ஆயினும் முன்னால் ஓட்டுநருடன் ஒருவரே இருக்கலாம். பிள்ளைகளைப் பின்னால் ஏற்றுவது ஆபத்து. பாரம் கூடினால் பிரேக் பிடித்தாலும் வாகனம் உடனே நிற்காது.

பட்டா உழாது. லான்ட்மாஸ்டரோ உழும், நீர் இறைக்கும், பெட்டி பூட்டினால் பாரமும் இழுக்கும்.

லீசிங் தவணை மாதந்தோறும் வரும். நெற்காசு போகத்துக்கு ஒருமுறையே வரும். தவணை தவறினால் வாகனமும் போகும், கட்டிய காசும் போகும். ஆகவே வாரத்தில் எத்தனை நாள் ஏற்றப் பொருள் உண்டு என்று ஒரு மாதம் கொப்பியில் எழுதிப் பாருங்கள். நாள்தோறும் மரக்கறியோ பாலோ சந்தைக்குக் கொண்டுசெல்பவருக்குப் பட்டா உதவும். நெல் மட்டும் செய்பவர்கள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து வாடகைக்குப் பிடிப்பதே மேல்.