சுப்ரபாதம் எத்தனை தட்டு?

1963-ல் இங்கிலாந்தில் பீட்டில்ஸ் பையன்களின் முதல் எல்.பி. வந்தது, இங்கே எம்.எஸ். பாடிய வெங்கடேச சுப்ரபாதம் வந்தது.

பீட்டில்ஸ் உலகெங்கும் விற்றது 60 கோடி என்பார் ஒருவர். இல்லை, 100 கோடி என்பார் இன்னொருவர்! அமெரிக்காவில் சான்று பெற்றது 18 கோடியே 30 லட்சம். மீதியில் உத்தேசமே ஜாஸ்தி.

நம் சுப்ரபாதத்தை எப்படி எண்ணுவது? மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு வீட்டில் ஊசியை வைத்தால் பத்து வீடு எழுந்து பல் தேய்க்கும். தெருவுக்கு ஒரு தட்டு போதாதா?

ஆனால் இந்தத் தட்டின் ராயல்டியை எம்.எஸ். திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு அல்லவா கொடுத்துவிட்டார்! விற்ற ஒவ்வொரு தட்டும் அங்கே காசு. பிறகு காஸெட் வந்தது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் பதிந்துகொண்டோமே (நானும் சேர்த்துத்தான்), அந்தப் பிரதி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கும் ஒரு பைசா போகவில்லை.