குட்டியின் முன்னங்கால் வளைந்தால்

மரக்காணம் பக்கம் உப்பளக் காவலுக்கு ராஜபாளையம் குட்டி வளர்க்கிறீர்களா? நல்ல தீனியில் மளமளவென்று வளர்கிற மூன்று மாதக் குட்டிக்கு முன்னங்கால் மணிக்கட்டு மடங்கினால், சுண்ணாம்புச்சத்து டானிக்கை வாங்கி ஊற்றாதீங்க. ஆறு மாதம் வரை மிஞ்சிய சுண்ணாம்பைக் குடலிலேயே தடுக்கிற சக்தி குட்டிக்குக் கிடையாது. எலும்பு வளர்ச்சிதான் கெடும். தீனியைக் குறையுங்க; விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும். வழுக்குகிற சிமெண்டுத் தரை வேண்டாம், மண்ணில் நடக்கட்டும். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினால் தசை இளைத்துவிடும். பெரும்பாலும் சில வாரத்தில் தானே நிமிரும்.

வெறும் கறியோ கஞ்சியோ தின்ற குட்டியென்றால் சங்கதி வேறு. அதற்கு உண்மையிலேயே சுண்ணாம்புப் பஞ்சம். டாக்டர் சொல்கிற அளவில் கொடுங்க.

அடிபட்டு ஒரு கால் மட்டும் வெளியே திரும்பினால்? முன்னங்காலில் எலும்பு இரண்டு. ஒன்றின் வளரும் நுனி நசுங்கி நின்றால் மற்றது வில்லாக வளையும். உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்க. எக்ஸ்ரே, அறுவைக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.